ஊரார் கேட்கும் மூன்று கேள்விகள்

விடுமுறைக்கு ஊர் செல்லும் தில்லி மாணவர் எவரும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லாமல் திரும்பி வர முடியாது. "எதற்கு அவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறாய்?" என்பது முதற் கேள்வி. "சாப்பாடும் குளிரும் பாஷையும் ஒத்துக்கொண்டனவா?" என்பது இரண்டாவது. "படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?" என்பது மூன்றாவது. கேட்பவர் பெரியப்பாவாகவும் இருக்கலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் அறியாதவராகவும் இருக்கலாம். நாம் சிரித்து மழுப்பிவிடுகிறோம். ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்கினால், உயர்கல்வியைப் பற்றிக் கல்வி நிபுணர்கள் எழுதும் நூல்கள் அனைத்தும் இம்மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். எதைத் தேர்ந்தெடுப்பது, புதிய இடத்தோடு எவ்வாறு பொருந்துவது, வெற்றி என்பது யாது? இவற்றுக்கு ஒழுங்கான விடை தேடிப் பார்ப்போம் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் தேர்வைப் பற்றிப் பேசுவோம். உயர்கல்வியில் நம் மாநிலம் பின்தங்கியதன்று. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையுள்ளோர் தொகையோடு ஒப்பிட, உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் விகிதம் இந்தியா முழுவதற்கும் 28.4, தமிழ் நாட்டுக்கு 47. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. கதவு அகலத் திறந்திருக்கிறது. ஆனால் எந்தக் கதவின் வழியே நுழைவது என்பதை நம்மில் எத்தனை பேர் நாமே தீர்மானித்தோம்? பக்கத்து வீட்டுப் பையன் எஞ்ஜினீயரிங் சேர்ந்தான், நாமும் சேர்ந்தோம். மார்க்கு வந்தால் டாக்டர், வராவிட்டால் வேறு ஏதாவது. "பௌதிகம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், "வாத்தியார் வேலைக்கா?" என்ற மறுமொழி வந்து விழும். வாத்தியார் வேலையைப் பெருமையாக நினைத்த நாடுதான் இப்படிக் கேட்கிறது!

இவ்விஷயத்தில் எனக்கு வழிகாட்டியாகத் தோன்றுபவர் எம்.எஸ். சுவாமிநாதன். கும்பகோணத்தில் 1925-இல் பிறந்தவர். தந்தையார் அறுவை மருத்துவர். மகனும் மருத்துவராக வேண்டும் என்பது குடும்பத்தார் விருப்பம். அவரோ திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்துப் பட்டம் பெற்றார். அப்போதுதான், 1943-இல், வங்காளப் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் உணவின்றி மாண்டனர். அச்செய்தி இளைஞர் உள்ளத்தை மாற்றியது. மருத்துவக் கல்லூரியை நாடாமல் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியை நாடினார். பிறகு 1947-இல், நாம் இன்று வந்திருக்கும் இதே தில்லிக்கு, பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு மேற்படிப்பு மாணவராக வந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே மத்திய அரசின் பணித் தேர்வு எழுதி, போலீஸ் உத்தியோகத்துக்குத் தகுதியும் பெற்றுவிட்டார். ஒரு பக்கம் அதிகாரமும் சம்பளமும். மற்றொரு பக்கம் ஹாலந்து தேசத்தில் உருளைக் கிழங்கின் மரபியலை ஆராய ஓர் உதவித்தொகை. அவர் உருளைக் கிழங்கைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் சென்று 1952-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் சில காலம் ஆராய்ந்துவிட்டு 1954-இல் தாய்நாடு திரும்பினார். பின்பு நடந்ததை உலகம் அறியும். 1966-இல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்து இறங்கியபோது மந்திரியாக இருந்தவர் சி. சுப்பிரமணியம், வயலிலும் ஆராய்ச்சிச் சாலையிலும் அதற்கு நிலம் பண்படுத்தியவர்களில் முதல்வர் சுவாமிநாதன். 2023-இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு வந்தது.

இவ்வரலாற்றில் நான் காண்பது இது: அவர் ஒரு முறை தேர்ந்தெடுக்கவில்லை, மூன்று முறை தேர்ந்தெடுத்தார். விலங்கியலிலிருந்து விவசாயத்துக்கு, விவசாயத்திலிருந்து மரபியலுக்கு, உத்தியோகத்தை விட்டு ஆராய்ச்சிக்கு. ஒவ்வொரு முறையும் முன்பு படித்தது வீண் போகவில்லை. அதன் மேல்தான் அடுத்த படி அமைந்தது. பதினேழு வயதில் எடுத்த முடிவே தலையெழுத்து என்று எண்ணி நடுங்கும் தம்பி தங்கையருக்கு இதைச் சொல்ல வேண்டும். தேர்வு என்பது தாலி கட்டுவது போன்றதன்று. பயிர் செய்வது போன்றது. மண்ணையும் மழையையும் பார்த்து, அடுத்த பருவத்தில் வேறு விதை போடலாம்.

ஆனால் தேர்ந்தெடுப்பதற்கு முதலில் தெரிய வேண்டுமே! பி.எஸ்ஸி. முடித்தவர் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் என்னும் தேர்வு இருக்கிறது. அது நடப்பது பிப்ரவரியில். விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் முந்திய செப்டம்பரிலேயே தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடுகிறது. மத்தியப் பல்கலைக் கழகங்கள் பலவற்றுக்குப் பொது நுழைவுத் தேர்வு ஒன்று தனியே நடக்கிறது. தலைநகரில் இவை நாற்சந்திப் பேச்சு. நம் மாவட்டக் கல்லூரிகளில் பலருக்கு இவற்றின் பெயரும் தெரியாது. என்னோடு பி.எஸ்ஸி. படித்தவர்களில் என்னைக் காட்டிலும் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். கணக்கில் நான் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடுவார். அவருக்கு இத்தேர்வைப் பற்றிய செய்தி எட்டியபோது, விண்ணப்பிக்கும் நாள் கடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. இன்று அவர் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார். அது இழிவான வேலை அன்று. ஆனால் அது அவர் தேர்ந்தெடுத்த வேலையும் அன்று. அறிவுக் குறைவால் தோற்றவரைக் காட்டிலும் செய்தி எட்டாமல் தோற்றவர் நம் நாட்டில் அதிகம் என்று நான் நினைப்பதற்கு அவரே காரணம்.

இனி இரண்டாவது கேள்வி. ஒத்துக்கொண்டதா?

கணித மேதை இராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். குளிர் காலம் வந்தது. அந்நாளில் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் என்னும் வங்காள இளைஞர் ஒரு நாள் அவர் அறைக்குச் சென்று, "இரவில் குளிர் தாங்குகிறதா?" என்று கேட்டார். மேலங்கியை அணிந்து, சால்வையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்றார் இராமானுஜன். மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அந்நாட்டு வழக்கப்படி மெத்தையோடு சேர்த்து இறுக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. மேல் விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு உறங்கி வந்திருக்கிறார்! மகலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தை நிறுவியவர் இவரே.

இச்செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை படித்தபோது வரவில்லை. எண்களின் இரகசியங்களையெல்லாம் அறிந்த மேதைக்குக் கம்பளியின் இரகசியம் தெரியவில்லை. அதில் அவருக்கு இழுக்கில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவரும் வாய் திறந்து கேட்கவில்லை. தாமே சமைத்து உண்டார்; போர்க்காலத்தில் மரக்கறி உணவுக்குப் பொருள் கிடைப்பது அருமையாயிற்று; 1917-இல் நோயுற்றார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920-இல், 32 வயதில், மறைந்தார். படிப்பில் வெல்லுவதும் புதிய இடத்தில் வாழ்ந்து நிலைப்பதும் வேறு வேறு வித்தைகள் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

தில்லியிலும் நம் கட்டிலிலேயே கம்பளி இருக்கிறது. நாம் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறோம். டிசம்பர், ஜனவரிக் குளிரைச் சொல்லவில்லை. அதற்கு ஒரு ரஜாய் வாங்கினால் போதும். ரொட்டியும் ராஜ்மாவும் மூன்று மாதத்தில் பழகிவிடும். ஹிந்தியும் அப்படியே. 1968 முதல் இருமொழித் திட்டத்தில் வளர்ந்த மாநிலத்திலிருந்து வருகிறோம். தெரியாததில் வெட்கமில்லை, காய்கறிக் கடைக்காரரும் மெட்ரோவில் இடம் கொடுத்த பாட்டியும் கட்டணமின்றிக் கற்றுக் கொடுப்பார்கள். நான் சொல்வது வேறு. நம் பள்ளிகளில் வகுப்பில் வாய் மூடி இருப்பது மரியாதை. இங்கே கருத்தரங்கிலும் வாய்மொழித் தேர்விலும் வாய் மூடி இருப்பவர் விஷயம் தெரியாதவர். நாம் மரியாதை செலுத்துகிறோம். அவர்கள் சுழி போடுகிறார்கள்! இருவர் மேலும் குற்றமில்லை, வழக்கம் வேறு. இதை யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

முதற் பருவத் தேர்வு முடிவு வரும் நாளை நினைத்துப் பாருங்கள். ஊரில் தொண்ணூறுக்குக் குறையாதவர் இங்கே ஐம்பத்தைந்து பெறுகிறார். அறிவு பாதியாகிவிட்டதா? இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் முதலாவதாக வந்தவர்களை ஒரே அறையில் உட்கார வைத்தால், ஒருவர் கடைசியாகத்தான் வர வேண்டும். இது எளிய கணக்கு. கேள்விகளின் வகையும் மாறிவிட்டது. அங்கே நிரூபணத்தை எழுதச் சொன்னார்கள். இங்கே அதைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டவர் இரண்டாம் பருவத்தில் நிமிர்ந்துவிடுகிறார். புரியாதவர் பெட்டியைக் கட்டுகிறார். பெட்டி கட்டியவர்களை நானும் அறிவேன். ரயில் நிலையம் வரை சென்று வழியனுப்பியும் இருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட மந்தமானவர் இல்லை.

ஒரு வார்த்தை நமக்குள்ளேயே. தமிழர் தமிழரோடு கூடுவது இயல்பு. உணவு விடுதியில் தமிழ் மேசை, ஞாயிறன்று மலை மந்திர், பிறகு இட்டிலி தேடிக் கரோல் பாக். இவையின்றி நான் முதல் ஆண்டைத் தாண்டியிருக்க மாட்டேன். இத்தலைநகரில் நமக்கு முன் வந்த பெரியவர்கள் ஏழு பள்ளிகளை வளர்த்தார்கள். 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் கண்டார்கள். ஆனால் இராமானுஜனுக்குக் கம்பளியைக் காட்டியவர் ஒரு வங்காளி என்பதை மறக்க வேண்டாம். ஆராய்ச்சிச் சாலையில் கருவியைப் பழக்குபவர் பீகாரியாக இருப்பார். பழைய வினாத்தாள் கொடுப்பவர் மணிப்பூரியாக இருப்பார். தமிழ் மேசையிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது எழுந்து வேறு மேசைக்குப் போகத்தான் வேண்டும்.

மூன்றாவது கேள்வியே கடினமானது. வெற்றி என்றால் என்ன? ஜே.ஆர்.எப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். "படிப்பதற்குச் சம்பளமா!" என்று பாட்டி வியப்பார், அந்த அளவில் வெற்றிதான். ஆனால் எனக்கு இன்னொருவர் நினைவு வருகிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் சென்றால் குளித்தலை. அங்கே 1900-இல் பிறந்தவர் டி.ஆர். சேஷாத்திரி. சென்னை இராஜதானிக் கல்லூரியில் படித்து, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்று, ஆந்திரப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றி, 1949-இல் தில்லிப் பல்கலைக் கழக இரசாயனத் துறைக்கு வந்தார். பூக்களுக்கும் இலைகளுக்கும் நிறம் தரும் பொருள்களை ஆராய்ந்தார். 1960-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1975-இல் மறையும் வரை ஆராய்ச்சியை விடவில்லை. அவர் பெயருக்குப் பின்னே நிற்பது பட்டங்கள் மட்டுமல்ல. அவரிடம் பயின்று நாடெங்கும் சென்ற மாணவர் பரம்பரையும் ஆகும். தாம் ஆளாகி, பிறரையும் ஆளாக்கியவர். வெற்றிக்கு இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அந்த அளவுகோலை நம் சங்கத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நன்கு நடத்துகிறோம், அவை நடக்கட்டும். அவற்றோடு மூன்று சிறிய காரியங்களை வேண்டுகிறேன். ஆகஸ்டு மாதத்தில் நம்மில் ஒவ்வொருவரும் தாம் படித்து வந்த கல்லூரிக்கு நுழைவுத் தேர்வுகளின் பெயரும் நாளும் விண்ணப்ப முறையும் தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். துறைத் தலைவர் அதைப் பலகையில் ஒட்டினால் போதும். முதல் பருவத் தேர்வு முடிவு வரும் வாரத்தில், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் முதலாண்டு மாணவர் ஒருவரின் அறைக் கதவைத் தட்டி, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, பாடங்களைச் சேர்ந்து படிக்கும் கூட்டம் ஒன்று வேண்டும். அதற்குப் பிற மொழி நண்பர்களையும் அழைக்க வேண்டும்.

முதல் காரியத்துக்குச் செலவு ஒரு தபால் தலை. மற்ற இரண்டுக்கும் அதுவும் இல்லை. ஜாம் விண்ணப்பம் செப்டம்பரில் தொடங்குகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கடிதம் ஒரு வாரம் பிந்தினால், எங்கோ ஒரு கெட்டிக்காரர் தாம் விரும்பாத கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்.