விருந்துக்கு வந்த கிழங்குகள்

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம், வில்லமெட் பள்ளத்தாக்கு. மே கடைசி வாரம். காலை ஆறரை மணிக்கே ஓர் அம்மா தன் தோட்டத்தில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒரு கையில் வாளி. மறு கையால் வாடிய ஐரிஸ் பூக்களை ஒடித்துப் போட்டபடி நடந்தார். ஐரிஸ் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். வாடினால் கூழாகிப் பக்கத்து மொட்டில் ஒட்டிக்கொள்ளும். இதழை மட்டும் கிள்ளினால் போதாது, அடியிலுள்ள சூல்பையோடு ஒடிக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். மாநாட்டுக்காரர்களின் பேருந்து ஒன்பது மணிக்கு வந்துவிடும்.

அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1920-இல் தொடங்கப்பட்டது. அதன் தேசிய மாநாடு ஊர் மாறி ஊர் நடக்கும். ஆட்களுக்கு வெகுநாள் முன்பே செடிகள் வந்து சேர்ந்துவிடும். புது ரகம் உருவாக்குகிறவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் கோடையிலேயே கிழங்குகளை இதுபோல் மாநாட்டினர் பார்க்க வரும் தோட்டங்களுக்குத் தபாலில் அனுப்பிவிடுகிறார்கள். இவைதான் விருந்தாளி ஐரிஸ்கள். ஏன் இத்தனை முன்னதாக என்பது மஞ்சள் நட்டவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஐரிஸில் ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். பிறகு அதன் விலாவில் கிளைத்த கிழங்குகள்தான் பூக்க வேண்டும். ஒற்றைக் கிழங்கு ஒரு குத்தாகத் திரள இரண்டு குளிர்காலமாவது பிடிக்கும்.

ஆனால் மஞ்சளைப் போல இதைப் புதைக்கக் கூடாது. வேர் மண்ணுக்குள், முதுகு வெயிலில். இந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலம் முழுக்க மழை. அதனால் பார் எடுத்து மேட்டில் நட்டிருந்தார். அழுகல் வந்தால் கண்ணுக்குத் தெரியும் முன் மூக்குக்குத் தெரிந்துவிடும், அப்படி ஒரு வாடை. ஏப்ரன் பையில் தேய்ந்த ஸ்பூன் ஒன்று கிடந்தது. அழுகிய சதையை அதனால்தான் கெட்டி வரும்வரை சுரண்டி, காயத்தை வெயிலுக்குத் திறந்து வைப்பாராம்.

"இதில் ஒன்றுகூட என் செடி இல்லை" என்றார். அதில் பெருமைதான் இருந்தது. விருந்தாளிச் செடியை யாருக்கும் பிரித்துக் கொடுக்கக் கூடாது. மாநாடு முடிந்ததும் திருப்பி அனுப்புவதா, அழிப்பதா, கொடுத்துவிடுவதா என்பதை அனுப்பியவர்தான் சொல்ல வேண்டும். சில நாற்றுகள் பெயர்கூட இல்லாமல் எண்ணோடு மட்டும் வருகின்றன. இடையில் பெயர் வைத்தால் அனுப்பியவர் எழுதித் தெரிவிப்பார். இங்கே செடியருகே உள்ள பெயர்ச்சீட்டை மாற்ற வேண்டும். பறவை இழுத்துச் சீட்டு தொலைந்தாலும் செடி அநாதையாகக் கூடாதென்று ஒவ்வொரு பாத்திக்கும் வரைபடம் வைத்திருந்தார்.

பேருந்து வந்தது. தொப்பியும் குறிப்பேடுமாக இறங்கினார்கள். வெளி வட்டாரத்து ரகங்களில் சிறந்ததற்கு பிராங்க்ளின் குக் கோப்பை, உள்வட்டார ரகத்துக்கு பிரெசிடென்ட்ஸ் கோப்பை. இரண்டுக்கும் வாக்குப் போடுபவர்கள் இவர்கள்தாம். நடுவர்கள் குனிந்து கிளை எண்ணினார்கள், மொட்டு எண்ணினார்கள். உயர வகைகளில் ஒரு தண்டு சாய்ந்து கிடந்தது. முட்டுக் குச்சி கொடுத்திருக்கலாமே என்றேன். "சாய்கிற தண்டு என்று அனுப்பியவருக்குத் தெரிய வேண்டாமா?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார்.

அப்போதுதான் அவருடைய நோட்டின் அருமை எனக்குப் புரிந்தது. வந்த நாள், நட்ட இடம், குளிர்காலம் தாண்டியதா, எத்தனை தண்டு, எத்தனை மொட்டு, இலையில் புள்ளி உண்டா. களை எடுக்கவும் பூ ஒடிக்கவும் யாரும் பழகிவிடலாம். அயலார் செடியைப் பற்றி, அவர் வருந்துவார் என்று தெரிந்தும் உள்ளதை எழுதுவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. விதை ஊன்றி முதல் பூவைப் பார்க்கவே ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும். அதற்குப் பின்னும் பல ஆண்டு பொறுத்துத் தேறிய செடி அது.

மாலையில் சமையலறை மேசையில் அமர்ந்து அறிக்கை எழுதத் தொடங்கினார். முதலில் எடுத்தது, எண்ணோடு வந்து குளிர்காலத்திலேயே அழுகிப்போன ஒரு நாற்று. 'பிழைக்கவில்லை' என்று எழுதிவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு வரைபடத்தை விரித்து, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்து, கீழே ஒரு வரி சேர்த்தார்: 'அந்த மூலையில் தண்ணீர் தேங்கியது. செடியின் குறை அல்ல, என் பாத்தியின் குறை.'