அது நாடு, ஊர் எது?

பினாங்குக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மகன் அங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறான். பேரனின் முகத்தைப் பார்க்கத்தான் போனேன். மகனும் மருமகளும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். பேரன் பாலர் பாடசாலைக்கு. இப்படி ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதும் எனக்கென்று கிடைத்தது. "வாப்பா, கொம்தாரில இறங்குங்கோ. அங்கயிருந்து எல்லாம் நடக்கிற தூரம்தான்" என்று சொல்லி பஸ்ஸுக்குச் சில்லறையும் எண்ணித் தந்தான் மகன். அறுபத்தெட்டு வயதில் மகனிடம் சில்லறை வாங்குவது ஒருமாதிரியாகத்தான் இருந்தது.

கொம்தார் என்பது அறுபது மாடிக்கும் மேற்பட்ட ஒரு கோபுரம். வழி தவறினால் அதைப் பார்த்துத் திரும்பலாம் என்ற தைரியத்தில் கடற்கரைப் பக்கமாக நடந்தேன். 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பனிக்காக இந்தத் தீவைப் பிடித்தபின் எழுந்த நகரம் இது. 2008இல் யுனெஸ்கோ ஜோர்ஜ் டவுனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கடைகளுக்கு முன்னால் வெயில்படாமல் நடப்பதற்கு ஐந்தடி அகலத்தில் திண்ணைப் பாதை ஓடுகிறது. ஆனால் பாதி இடத்தில் மோட்டார் சைக்கிள்களும் சாப்பாட்டு மேசைகளும் குந்தியிருப்பதால் வெயிலில் இறங்கித்தான் நடக்கவேண்டும். அதில் நமது நாட்டைவிட அவர்கள் ஒன்றும் மேலானவர்களல்லர்.

சூலியாத் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மூலையில் நாகூர் தர்கா என்று கண்டேன். சின்னக் கட்டடம். மதிலோடு ஒட்டிச் சிறு கடைகள். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் பேரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலோடி வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நினைவிடம். நமது கல்முனைக் கடற்கரைப் பள்ளியைப் போல அடக்கமில்லாத தர்கா. நான் தர்கா விஷயங்களில் அவ்வளவு ஈடுபாடுள்ளவனல்லன். என்றாலும், கப்பலேறியவர்கள் முதலில் எதைக் கொண்டுபோனார்கள் என்று அந்த வாசலில் நின்று யோசித்தேன். நாங்கள் புறப்பட்டபோது எதையும் எடுக்க விடவில்லை.

லுஹருக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளி. 1801இல் காதர் முஹியித்தீன் என்ற வணிகர் நிறுவியது. இந்திய வம்சாவளியினருக்குத் தலைவராக வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம்தான் கப்பித்தான் கெலிங். 'கெலிங்' என்பது இன்று அந்நாட்டில் தமிழரை இழித்துச் சொல்லும் வார்த்தை. ஆனால் பள்ளியின் பெயரிலும் தெருவின் பெயரிலும் அது மரியாதையோடு நிற்கிறது. நம்மைச் 'சம்மான்காரர்' என்று சொன்னவர்களும் இப்படித்தான், சம்பான் படகில் வந்தவர்கள் என்று தொடங்கி ஏச்சில் கொண்டுபோய் முடித்தார்கள். வுழூச் செய்துவிட்டுக் குளிர்ந்த தரையில் தொழுதேன். அன்று முழுவதிலும் நான் அந்நியனாக இல்லாதது அந்த நான்கு ரக்அத்திலும்தான்.

நாகூர்க்காரரான குலாம் காதிறு நாவலர் இந்தப் பினாங்கிலிருந்துதான் 'வித்தியா விசாரிணி'யை நடத்தினார். அந்த அச்சுக்கூடம் எந்தத் தெருவில் இருந்திருக்கும் என்று பள்ளியில் இரண்டு இளைஞர்களிடம் கேட்டேன். முகத்தைப் பார்த்தால் பேட்டையிலோ காயல்பட்டினத்திலோ பிறந்தவர்கள் என்று சத்தியம் பண்ணலாம். அவர்கள் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

பசி. பக்கத்துச் சந்தில் ஒரு நாசி கண்டார் கடை. தமிழ் முஸ்லிம்கள் ஒருகாலத்தில் சோற்றையும் கறியையும் காவுதடியில் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றார்கள். அந்தத் தடியின் பெயர்தான் சாப்பாட்டுக்கு வந்தது. சோற்றின்மேல் நாலைந்து கறிக்குழம்பை ஒன்றாகக் கலந்து ஊற்றுகிறார்கள். எங்கள் மூத்தம்மா கண்டால் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பா. ருசி என்னவோ அபாரம்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். தேத்தண்ணீரை உயர்த்தி ஆற்றியபடியே கேட்டார்:

"பாய் எந்த ஊரு?"

"இலங்கை."

"அது நாடு பாய். ஊரு?"

எனக்கு வாய் வரவில்லை. லேசான கேள்விதான். ஆனால் 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில், யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து நடந்த நாள்முதல் அதற்கு என்னிடம் ஒரே பதில் இருந்ததில்லை. புத்தளத்தில் கேட்டால் யாழ்ப்பாணம் என்பேன், "ஓ, அகதியா?" என்பார்கள். 2010இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் பதியப் போனால், "நீங்கள் இப்ப புத்தளம்தானே?" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். முகாமில் பிறந்த என் மகன் யாரிடமும் புத்தளம் என்றே சொல்கிறான். அவன் சொல்வதும் பொய்யில்லை.

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"நமக்குப் பனைக்குளம். ராமநாதபுரம் பக்கம்."

"அடிக்கடி போவீங்களோ?"

"எங்கே! நான் பொறந்தது இங்கே, மூணு தெரு தள்ளி. அத்தா பொறந்ததும் இங்கேதான். பத்து வயசுல ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்க. ஒரு கெணறு ஞாபகம் இருக்கு."

அந்த நேரம் காசுப் பெட்டியடியில் இருந்த அவர் மகள் மலாயில் ஏதோ கேட்டாள். அவர் தமிழில் பதில் சொன்னார். அவள் மறுபடியும் மலாயிலேயே பேசினாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது, மறைப்பானேன். தாமாக விரும்பிக் கப்பலேறியவர்கள் மூன்று தலைமுறை கழிந்தும் ஒரு கிணற்றை வைத்துக்கொண்டு ஊர் சொல்கிறார்கள். பேச்சுத்தான் கைநழுவிப் போகிறது. எங்களுக்குப் பேச்சு அப்படியே இருக்கிறது. நான் வாய் திறந்தால் எவருக்கும் யாழ்ப்பாணம் கேட்கும். எங்கள் வீட்டுக் கிணற்றையோ, 2003இல் போய்ப் பார்த்தபோது, கூரையும் கதவுநிலைகளும் போன சுவர்களுக்கு நடுவில் கல்லும் மரமும் போட்டு மூடியிருந்தார்கள்.

"யாழ்ப்பாணம்" என்றேன் கடைசியில். "சோனகத் தெரு."

விளக்கம் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தேத்தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டு, அப்போதுதான் உள்ளே நுழைந்த வயதாளி ஒருவரைக் கூப்பிட்டார்.

"நானா, இங்கே வந்து உக்காருங்க. இவரு யாழ்ப்பாணத்துக்காரரு."

அவர் ஸலாம் சொல்லி எதிரே இருந்தார். யாழ்ப்பாணத்தில் நல்ல புகையிலை விளையுமாமே என்றார். விளையும் என்றேன். பிறகு எங்கள் தெருவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பெரிய பள்ளி, அதன் முன்னால் இருந்த கடைகள், நோன்புக் காலத்தில் அஸருக்குப்பின் கஞ்சி வாங்கச் சட்டியோடு நிற்கும் பிள்ளைகள். இரண்டாவது தேத்தண்ணீரும் வந்தது. மகன் மூன்று தரம் போன் எடுத்திருக்கிறான், எனக்குக் கேட்கவேயில்லை.