சுவரும் தாழ்ப்பாளும்

நாவல் எழுதுகிறவனுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் என்று யாரோ கட்டிவிட்ட கதை என்னை ராணிப்பேட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2018-ம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம். பழைய நண்பர் ஒருவர் டெலிபோனில் கூப்பிட்டார்.

"இங்கிலாந்திலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள், ஸார். இங்கே ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் பதினைந்து நாள் வேலை செய்து வசதிகள் ஏற்படுத்தித் தரப் போகிறார்கள். எல்லாம் அவர்கள் சொந்தச் செலவு. நீங்கள் கூட இருந்து மொழிபெயர்த்தால் போதும். கதைக்கும் விஷயம் கிடைக்கும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன்.

வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கினேன். தென்னிந்தியாவின் முதல் ரெயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வந்து நின்றது இங்கேதான். அந்தப் பெருமையைப் பற்றி அங்கே யாரும் அலட்டிக் கொண்டதாகத் தெரியவில்லை. ஆட்டோ சிறிது தூரம் போனதும் காற்றில் ஒரு நெடி வந்தது. "தோல் வாசனைதான், ஸார். ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார் ஆட்டோக்காரர். பழகத்தான் செய்தது. பழகாத சங்கதி வேறொன்று.

இல்லத்தின் வாசலில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

"அங்கிள், நீங்க எப்போ போவீங்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வார்டனம்மாள் சிரித்து மழுப்பினார். பிறகு தனியாகச் சொன்னார்: "வருஷத்துக்கு ரெண்டு மூணு கோஷ்டி வராங்க, ஐயா. பாட்டு, விளையாட்டு, மடியிலே தூக்கி வச்சுக்கறது, எல்லாம் உண்டு. முன்னெல்லாம் அவங்க கிளம்பற அன்னைக்குப் பிள்ளைங்க அழுது ரெண்டு நாள் சாப்பிடாது. இப்போ முதல்லயே தேதியைக் கேட்டு வச்சுக்குதுங்க."

மொத்தம் நாற்பத்திரண்டு பெண்கள். அநாதைகள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் வேப்பமரத்தடி முழுக்கத் தாய்மார்கள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர்கள், தோல் தொழிற்சாலையில் கூலி வேலை செய்கிறவர்கள், புருஷனை இழந்தவர்கள், புருஷன் இருந்தும் இழந்தவர்கள். கையில் ஒரு மிக்ஸ்சர் பொட்டலத்தோடு வந்து, மகளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுப் போனார்கள். உலகம் முழுவதும் இப்படித்தானாம். இம்மாதிரி இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். இல்லாதது பணம்.

வந்த பன்னிரண்டு பேரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆற்காட்டில் ஒரு லாட்ஜில் தங்கி, காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். முதல் நாள் அவர்களுடைய தலைவி, நாற்பது வயதுப் பள்ளி ஆசிரியை, வார்டனம்மாளை உட்கார வைத்துக் கேட்டாள்: "உங்களுக்கு மிகவும் அவசியமானது எது?"

நான் மொழிபெயர்த்தேன்.

வார்டனம்மாள் தயங்கவில்லை. "கக்கூஸ்தாங்க" என்றார். வாசகர்கள் மன்னிக்க வேண்டும், அந்த வார்த்தை இல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. "நாலு இருக்கு. ரெண்டு அடைச்சுக் கிடக்கு. மீதி ரெண்டுக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. பெரிய பொண்ணுங்க ரொம்பச் சிரமப்படுது."

பன்னிரண்டு வெள்ளை முகங்களும் என் வாயையே பார்த்துக் கொண்டிருந்தன. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. பாரி கம்பெனியார் பீங்கான் தொழிற்சாலை வைத்து, இந்தியா பூராவுக்கும் கழிப்பறைச் சாமான் செய்து அனுப்பிய ஊர் இது. இங்கே நாற்பத்திரண்டு பெண்களுக்கு இரண்டு கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது என்று ஓர் அந்நிய தேசத்துப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? நான் சொன்னது இதுதான்: "கட்டடம் கொஞ்சம் பழசாகிவிட்டது என்கிறார். குழந்தைகளுக்கு உற்சாகமாக இருக்கும்படி ஏதாவது செய்தால் நல்லது."

தலைவியின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் சுவர்களுக்கு வர்ணம் அடிக்கலாம்!" என்றாள்.

மறுநாளே வர்ணம் வந்து இறங்கியது. கூடத்துச் சுவரில் வண்ணத்துப் பூச்சிகள் வரைவதென்று ஏற்பாடு. பழைய வர்ணத்தைச் சுரண்டினால் அடியில் சூரியகாந்திப் பூக்கள். அது போன வருஷத்துக் கோஷ்டியின் கைங்கரியம். பூவைச் சுரண்டினால் ஒரு நீல யானை. யானைக்கும் அடியில் என்ன இருந்ததோ, நாங்கள் அதுவரை போகவில்லை. காம்பவுண்டுக்கு வெளியே உள்ளூர்ப் பெயிண்டர் ஒருவர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, வேலையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

புழக்கடையில் ஓர் ஆழ்குழாய்க் கிணறும் இருந்தது. அதுவும் வேறொரு கோஷ்டி போட்டது. கொடுத்தவர்கள் பெயர் பொறித்த சலவைக்கல் பளபளவென்றிருந்தது. தண்ணீர்தான் மஞ்சளாக வந்ததாம். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அங்கே துளை போடாதீர்கள் என்று சொல்லியிருப்பார்கள். மூடிப்போன ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவு மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கும் வட்டாரம் இது. வேலூர் ஜில்லாத் தோல் கழிவுகளைப் பற்றி 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இல்லத்துக்குக் குடிதண்ணீர் லாரியில் வந்தது.

ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. பத்தாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஒன்றைக் கவனித்தேன். எல்லாத் தம்ளர்களிலும் தண்ணீர் அப்படியே இருந்தது. லாரித் தண்ணீர் என்பதால் சிக்கனம் போலும் என்று நினைத்து, பக்கத்திலிருந்த பதின்மூன்று வயதுப் பெண்ணிடம், "ஏனம்மா, தாகமே இல்லையா?" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "குடிச்சா போகணுமே, அங்கிள்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. புழக்கடைப் பக்கம் எப்போதும் இரண்டிரண்டு பெண்களாகத்தான் போவார்கள். ஒருத்தி உள்ளே போக, மற்றவள் வெளியே நின்று கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொள்வாள். ஏதோ விளையாட்டென்று நான் நினைத்திருந்தேன். கோஷ்டியில் ஒரு பெண் அதைப் படம்கூடப் பிடித்திருந்தாள்.

அன்று சாயங்காலம் தலைவியிடம் போய், முதல் நாள் வார்டனம்மாள் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவள் கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "எங்களுக்குத் தாங்காது என்று நினைத்தீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பின்னால் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். பத்து நாளாக வண்ணத்துப் பூச்சிக்கு மீசை வரைந்து கொண்டிருந்தவர். "நான் முப்பத்தெட்டு வருஷம் பிளம்பராக இருந்தவன்" என்றார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் உள்ளூர்க் கொத்தனார் ஒருவரை வரவழைத்தோம். அவரும் கிழவரும் அடைத்துக் கிடந்த குழாயைத் தோண்டி எடுத்தார்கள். கழிப்பறைக்கும் செப்டிக் டாங்குக்கும் நடுவே குழாய் சமமாகப் படுத்துக் கிடந்தது. "வாட்டமே இல்லையே!" என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். இந்த 'வாட்டம்' கொத்தனார் பாஷை. தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் யோசிப்பதற்குள், கிழவர் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். கொத்தனார் பலமாகத் தலையாட்டினார். ஒரு கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து மட்டம் பார்த்தார்கள். பத்தடிக்கு மூன்று அங்குலம். இருவருக்கும் நடுவில் நான் தேவைப்படவில்லை. போய் நாலு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன்.

2016-ம் வருஷத்து இளைஞர் நீதி விதிகளின்படி ஏழு குழந்தைகளுக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும். நாற்பத்திரண்டுக்கு ஆறு. மிச்சமிருந்த வர்ணப் பணத்தில் இன்னும் இரண்டுக்குக் கடைக்கால் போட்டார்கள். சுவர் மார்பளவு எழும்பியபோது அவர்களுடைய பதினைந்து நாள் முடிந்துவிட்டது.

1934 பீஹார் பூகம்பத்துக்குப் பிறகு, பியர் செரெஸோல் என்ற ஸ்விஸ் எஞ்சினீயர் தொண்டு செய்ய வந்தார். முதலில் வந்து நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு தோழர்கள் சிலருடன் வந்து, கிராமத்தாரோடு சேர்ந்து வீடு கட்டினார். வேலை 1937 வரையில் நடந்தது. இந்த ராணிப்பேட்டையிலேயே 1870-ல் பிறந்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர். இருபது வயதில், தாயாரின் நோய்க்காக அமெரிக்காவிலிருந்து வந்தவர் அவர். சீக்கிரம் திரும்பிவிடுவதாகத்தான் உத்தேசம். ஓர் இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டு, போய் வைத்தியம் படித்து, 1900-ல் திரும்பினார். 1960-ல் கொடைக்கானலில் காலமானார். எல்லோரும் அப்படி வந்து தங்கிவிட முடியுமா? கிழவருக்கு ஊரில் சீக்காளி மனைவி இருந்தாள். அடுத்த வருஷம் டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை, குழந்தைகள் இல்லங்களில் உல்லாசப் பிரயாணிகள் செய்யும் தொண்டால் விளையும் தீங்குகளைத் தடுக்க வேண்டும் என்று தீர்மானத்தில் சேர்த்ததைப் பத்திரிகையில் படித்தபோது, எனக்கு அந்தச் சிறுமியின் முதல் கேள்வி ஞாபகம் வந்தது. கூடவே கண்ணாடி டியூபும்.

கோஷ்டி கிளம்பிய அன்று குழந்தைகள் அழவில்லை. வரிசையாக நின்று கை ஆட்டினார்கள். கிழவர்தான் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாக்கி வேலையைக் கொத்தனார் மூன்று வாரத்தில் முடித்தார். முடிந்ததைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அதே சிறுமி வாசலில் நின்றாள்.

"எப்போ போவீங்க, அங்கிள்?"

"நாலரை மணி பஸ்ஸுக்கு."

"திரும்பி வருவீங்களா?"

"அடுத்த மாதம் வருகிறேன்."

அவள் நம்பினாளா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. சற்று யோசித்துவிட்டு, "அப்போ வரும்போது ரெண்டு பக்கெட் வாங்கிட்டு வாங்க. பெரிசு வேணாம், எங்களாலே தூக்க முடியாது" என்றாள்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டேன். சரியாக எழுதினேனா என்று எட்டிப் பார்த்தாள்.