காய்ச்சல் போனது, காதும் போனது

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில், புதுச்சேரியில் 'மெனான்ஜித்' என்றாலே பெற்றோர் நடுங்குவார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையில் கிருமி புகுந்து வரும் காய்ச்சல் அது. எங்கள் தெருவில் ஒரு பையன் பிழைத்து வந்தான். "கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறான்" என்று அவன் அம்மா திட்டுவார். காது போனது பிறகுதான் தெரிந்தது. பேச்சும் மெல்லப் போய்விட்டது.

இன்று வழி உண்டு. 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசி ஹிப் கிருமியைத் தடுக்கிறது. நியூமோகாக்கல் ஊசியும் அரசு மருத்துவமனையில் இலவசம். நோய் வந்துவிட்டால், முதல் ஆன்டிபயாடிக்குக்குச் சற்று முன்போ அதனுடனோ தரும் டெக்சாமெத்தசோன், முக்கியமாக ஹிப் நோயில், செவியைக் காக்க உதவுகிறது. குணமானதும் செவிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. உட்காது எலும்பாக இறுகிவிட்டால் காக்ளியர் கருவி பொருத்துவது கடினம்.

பேரப்பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.