வியூ உள்ள இடம்

புரோக்கர் அண்ணன் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு, "இறங்கிப் பாருங்க தம்பி, அப்புறம் விலை பேசுவோம்" என்றார். தாண்டிக்குடிக்குக் கொஞ்சம் முன்னால், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை. பாதை முடிகிற இடத்தில் சரிவு. சரிவுக்குக் கீழே மேகம். அது விலகியபோது வெகு தூரத்தில் சமவெளியும், ஏதோ ஒரு கண்மாயின் பளபளப்பும் தெரிந்தன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். பதினோரு மாதமாகத் தேடிய இடம் இதுதான் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

"அரை ஏக்கர். முழு வியூ" என்றார் அண்ணன். மலையில் ஒரே மண்ணுக்கு இரண்டு விலை. வியூ இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் அதில் பாதி.

சென்னையில் எங்களுக்கு ஏழாவது மாடியில் ஒரு வீடு இருக்கிறது. இ.எம்.ஐ. முடிய இன்னும் பதினான்கு வருடம். "அதுக்குள்ள இன்னொரு வீடாடா?" என்று அப்பா கேட்டார். 2020இல் எல்லோரையும்போல நானும் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்தவன். லேப்டாப்பைத் திறந்தால் ஆபீஸ் என்றான பிறகு, அந்த லேப்டாப் ஏன் மே மாத வெயிலில் ஏ.சி.க்கு அடியில் இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தது. அப்பாவிடம் இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. "முதலீடு" என்று சொன்னேன். அவருக்கு அது புரிகிற வார்த்தை.

தேடலை நான் வேலை செய்கிற மாதிரியேதான் தொடங்கினேன், ஒரு எக்செல் ஷீட்டோடு. ஊர், உயரம், சென்னையிலிருந்து எத்தனை மணி நேரம், மழை, மருத்துவமனை, நெட்வொர்க், தண்ணீர், பத்திரம், சென்ட் விலை. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண்.

ஏற்காடு முதலில் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு, கீழே சேலம், பெரிய ஆஸ்பத்திரிகள். மதிப்பெண் நன்றாக வந்தது; விலை கேட்டதும் திரும்பிவிட்டோம். கொல்லிமலைக்கு எழுபது வளைவு. நாற்பதாவதிலேயே மனைவி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள். அவள் அந்த ஊருக்குக் கொடுத்த மதிப்பெண்ணை இங்கே எழுத முடியாது. 2024 மே மாதக் கடைசியில் கொடைக்கானல் போனபோது உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் நடைமுறை புதிதாக வந்திருந்தது. சோதனைச்சாவடி வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் கார்கள். மலை தாங்காது என்று நீதிமன்றம் கணக்குக் கேட்கிற இடத்தில், நிரந்தரமாக இடம் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தோம். அன்று எனக்கு இது உறைக்கவில்லை. பாஸ் டவுன்லோடு ஆகவில்லை என்ற எரிச்சல்தான் இருந்தது.

கோத்தகிரி பிடித்திருந்தது. அங்கே நிலம் காட்டியவர் தேயிலை விவசாயி. ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் அதிகம், அப்பா வைத்த செடிகள். "பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலை பறிகூலிக்கே சரியாப் போகுதுங்க. காட்டேஜ் கட்டுறவங்கதான் நல்ல விலை தர்றாங்க" என்றார். விற்க மனமில்லாதவரிடம் வாங்குவது ஒரு மாதிரி இருந்தது. கூடவே 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது நினைவுக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 30 அதிகாலை, வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. இருநூறுக்கும் அதிகமான உயிர்கள். மேலே பிய்த்துக்கொண்ட மண் சுமார் 8 கிலோமீட்டர் கீழே ஓடியிருக்கிறது. நான் ஷீட்டில் "சரிவு" என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன். எங்கள் வீடு சரியுமா என்பதற்கான கட்டம் அது.

பழனி மலையின் கீழ்ப்பகுதி அப்படித்தான் பட்டியலில் மேலே வந்தது. காப்பி, மிளகு, மலைவாழை. கொடைக்கானல் அளவு கூட்டமில்லை, குளிர் அளவானது. பத்திரங்களைப் பார்க்க ஒரு வக்கீலைப் பிடித்தோம். மலை நிலம் வாங்குவது எவ்வளவு சிக்கல் என்பதை அவர்தான் கற்றுக்கொடுத்தார். மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, அ-பதிவேடு எல்லாம் சமவெளியிலும் உண்டு. மலையில் இன்னும் இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிலமென்றால் முன் அனுமதியில்லாமல் விற்கவே முடியாது. நிபந்தனைப் பட்டாவா என்று பார்க்க வேண்டும். ஹாகா என்று எல்லோரும் சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமமா என்று பார்க்க வேண்டும். கூடலூர்ப் பக்கம் பிரிவு 17 நிலம் என்றால், 1969ஆம் ஆண்டு ஜன்மம் ஒழிப்புச் சட்டத்திலிருந்து இழுக்கிற சிக்கல். "இந்த அரை ஏக்கர்ல அது எதுவும் இல்ல சார். சுத்தமான பட்டா. தைரியமா வாங்கலாம்" என்றார் வக்கீல்.

பாக்கி இருந்தது தண்ணீர். "வருஷம் பூரா ஊத்துத் தண்ணி" என்று அண்ணன் சொல்லியிருந்தார். மறுநாள் காலை நாங்கள் மட்டும் போனோம். பக்கத்துப் பங்களாவுக்குப் போகும் கறுப்பு ஹோஸைப் பிடித்துக்கொண்டே ஏறினால், பாறை இடுக்கில் ஊற்று. கருங்கல்லில் கட்டிய சின்னத் தொட்டி. அதற்குள் மூன்று ஹோஸ்கள். தொட்டி நிரம்பி வழிவதுதான் கீழே ஓடையாகப் போகிறது. பக்கெட்டும் போனில் ஸ்டாப்வாட்சும் எடுத்துப் போயிருந்தேன். 10 லிட்டர் நிரம்ப 2 நிமிடம். ஒரு நாளைக்கு 7200 லிட்டர். தாராளம் என்று எழுதிக்கொண்டேன்.

ஓடை வழியாகவே இறங்கினோம். கீழே எட்டு, பத்து வீடுகள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து மரங்கள் மறைத்திருந்ததால் அந்த ஊர் வியூவில் இல்லை. ஓடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "எடம் பாக்க வந்திருக்கீகளா?" என்றார். ஆமாம் என்றேன். தண்ணீர் எப்படி என்று கேட்டேன்.

"இப்பத் தை மாசம், நல்லாத்தேன் வருது. மேல ரெண்டு பங்களா வந்த பெறகு மாசி பங்குனியில நூலாட்டம் ஆயிருது. ஒரு கொடத்த வச்சுட்டு வீட்டுக்குப் போயி ஒலை வச்சுட்டு வந்தாலும் நெறஞ்சிருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும் ஹோஸ் போடுவீகள்ல?" என்றார்.

குரலில் கோபமே இல்லை. வீட்டுக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்பதுபோலக் கேட்டார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஹோஸ் போடாமல் எப்படி? ஹோஸ் மட்டுமா? மண்பாதையை அகலப்படுத்த ஜே.சி.பி. வரும். தளம் எடுக்கச் சரிவின் அடியை வெட்டினால் மேல் மண்ணுக்குப் பிடிமானம் போகும். மரநிழலில் காப்பிச் செடிகளுக்கடியே ஊறி இறங்குகிற மழை, சிமென்ட்டில் விழுந்து ஓடிப்போகும். ஓடும் பாதை அந்த அம்மாவின் வாசல்.

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். "2015ல நாம எந்தப் பக்கம் இருந்தோம்?"

வேளச்சேரியில், தரைத்தளத்தில், வாடகைக்கு. அந்த டிசம்பரில் இடுப்பளவுத் தண்ணீரில் அவளுடைய சர்டிபிகேட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு மாடியேறினோம். மேலே யாரோ எதையோ திறந்துவிட்டார்கள், கீழே இருப்பவர்களை யாரும் நினைக்கவில்லை என்று மாதக்கணக்கில் திட்டியவன் நான். ஏழாவது மாடியில் வீடு வாங்கியதே அந்தப் பயத்தில்தான். என் ஷீட்டில் பதினெட்டுக் கட்டங்கள் இருந்தன. கீழே யார் இருக்கிறார்கள் என்பதற்கு ஒன்றுகூட இல்லை.

வாங்கவில்லை. அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. "பரவால்ல தம்பி, வேற பார்ட்டி ரெடியா இருக்காரு." மூன்று மாதத்தில் அங்கே ஜே.சி.பி. இறங்கிவிட்டது. நான் விலகியதால் அந்த அம்மாவுக்கு ஒரு குடம்கூட மிச்சமாகவில்லை. தொட்டியில் நான்காவதாக ஒரு ஹோஸ் விழுந்தது, அது என்னுடையதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், தெருவுக்குள்ளேயே ஓட்டு வீடொன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வருடத்தில் மூன்று மாதம் இருப்போம், மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும். அதுவும் உள்ளூரில் ஒருவர் குடியிருந்திருக்கக்கூடிய வீடுதானே என்று தோன்றாமலில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் தார்ப்பாயில் காயப்போட்ட மிளகு தெரியும். வியூ என்றால் அவ்வளவுதான். தண்ணீர் தெருக்குழாயில், முறைவைத்து. எங்களுக்குக் காலை ஏழரை மணி. போன வாரம் ஒரு மீட்டிங்கில் மூழ்கிக் குழாயை மூட மறந்துவிட்டேன். அடுத்த முறைக்காரர் வாசலில் வந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினார். மைக் ஆனில் இருந்தது. என் டீம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.