சொற்சீட்டும் பிஸ்கட் டப்பாவும்

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்து நாம் அறைக்குத் திரும்பியபோது, நமது பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி தன் தாயுடன் வராந்தாவில் காத்திருந்தாள். செவிலியர் படிப்பை முடித்தவள். அயல்நாட்டில் பணிபுரிய விரும்பும் செவிலியர்க்கான ஆங்கிலத் தேர்வில் முந்திய மாதம்தான் பேச்சுப் பகுதியில் தவறியிருந்தாள். தேர்வுக் கட்டணத்துக்கும் பயிற்சிக்குமாக வீட்டுப் பத்திரம் அடகில் இருக்கிறது என்று தாய் கூற, மகள் தலைகவிழ்ந்து நின்றாள். “இன்னும் ஒரே தடவைதான் சாமி. அதுக்கு மேலே எங்களால முடியாது” என்றார் அந்த அம்மாள்.

படிப்பில் சோம்பல் உள்ள பெண்ணல்ல என்பதற்கு அவள் கையிலிருந்த நோட்டுப் புத்தகமே சாட்சி. கைப்பேசியில் ஒரு செயலி வைத்திருந்தாள். அழுத்திய மாத்திரத்தில் அகராதியிலிருந்து ஏதேனும் ஒரு வினைச்சொல் குலுக்கல் சீட்டுப்போல் வந்து விழும். நாளொன்றுக்குப் 10 சொற்கள் வீதம் எழுதி, பொருளும் எழுதி, உருப்போட்டிருந்தாள். ‘அப்ஸ்காண்ட்’ என்றால் தலைமறைவாதல். ‘அப்டிகேட்’ என்றால் அரசுரிமை துறத்தல். நாம் கேட்டவற்றுக்கெல்லாம் தடுமாறாமல் விடை சொன்னாள். பின்னர், “நேற்று நோயாளிக்கு ஊசி போட்டேன் என்பதை ஆங்கிலத்தில் சொல், மகளே” என்றோம். சற்று யோசித்து, “ஐ புட்டட் இஞ்செக்‌ஷன்” என்றாள்.

அரசுரிமை துறக்கும் நோயாளி எவரும் அவளது வார்டுக்கு வரப்போவதில்லை. ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்களோ நாள்தோறும் வருவார்கள். ‘புட்’ என்னும் சொல் இறந்த காலத்திலும் ‘புட்’ என்றே நிற்கும் என்பதையும், ஆங்கிலத்தில் ஊசியைப் ‘போடுவதில்லை’, ‘கொடுப்பார்கள்’. ஆகவே ‘கேவ்’ என்றே சொல்ல வேண்டும் என்பதையும் அந்தச் செயலி அவளுக்கு ஒருநாளும் சொல்லியிராது. அதன் குற்றம் அன்று அது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 1928-இல் நிறைவுற்றபோதே அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. அத்தனைக்கும் ஆளுக்கொரு சீட்டு எழுதிக் குலுக்கினால், ஒருவன் நாளில் நூறு முறை வழங்கும் ‘டேக்’ என்பதற்கும் ஒரே சீட்டு. ஆயுளில் ஒருமுறையும் வழங்காத சொல்லுக்கும் ஒரே சீட்டு.

ஆங்கில வினைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. மிகுதியாக வழங்கும் ‘பீ’, ‘ஹேவ்’, ‘டூ’, ‘ஸே’, ‘கோ’, ‘கெட்’, ‘மேக்’ முதலியவை யாவும் விதிக்கு அடங்காதவை. ஏன் அப்படி என்பதை 2007-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காதிருந்த 177 வினைகளை எடுத்து ஆராய்ந்ததில், இன்றும் அப்படியே இருப்பவை 98. அருகி வழங்கியவை காலப்போக்கில் ‘எட்’ விகுதிக்குப் பணிந்துவிட்டன. நாவில் ஓயாமல் புழங்கியவை மட்டும் தம் பழைய வடிவை விடவில்லை. நம் தமிழ் மட்டும் என்ன? வா என்பது வந்தான் ஆகிறது. நில் என்பது நின்றான் ஆகிறது. கேள் என்பது கேட்டான் ஆகிறது. நம் குழந்தைகள் இவற்றை வாய்பாடு வைத்துக் கற்பதில்லை. இத்தாலியில் பிறந்து இங்கு வந்து, 1732-இல் சதுரகராதியை நமக்குத் தந்த வீரமாமுனிவர் இவற்றை ஒவ்வொன்றாகக் கற்றுத்தான் தேறியிருக்க வேண்டும்.

1930-இல் ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர், அயலார்க்கு இவ்வளவு போதும் என்று 850 சொற்கள் கொண்ட ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தார். அவற்றுள் வினைகள் 18 மட்டுமே. ‘புட்’, ‘கிவ்’, ‘டேக்’, ‘கெட்’ ஆகிய நான்கும் அவற்றுள் அடக்கம். எளிது என்று நாம் மகிழ வேண்டியதில்லை. ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திப்போடுதல். ‘புட் அவுட்’ என்றால் அணைத்தல். ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்ளுதல். சொற்களின் தொகை குறைந்ததே தவிர, சுமை குறையவில்லை.

அப்படியானால் சீட்டுக் குலுக்குவதே பயனற்றதா? நாம் அப்படிச் சொல்லத் துணியோம். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்தபோது திருத்தூதர்களும் சீட்டுத்தான் போட்டார்கள். ஆனால் எருசலேம் நகரத்தார் எல்லாருடைய பெயரையும் எழுதிப் போடவில்லை. யோவானின் திருமுழுக்குக் காலம் முதல் தங்களோடு உடனிருந்தவர்களுள் இருவரை முன்னிறுத்தி, மன்றாடி, அதன் பின்பே சீட்டுப் போட்டார்கள் என்று திருத்தூதர் பணிகளின் முதல் அதிகாரம் கூறுகிறது.

இளங்குருமடத்தில் நமக்கு ஆங்கிலம் கற்பித்த முதிய குருவிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. பழைய நாட்காட்டித் தாள்களைக் கத்தரித்து, ஏறக்குறைய 100 வினைகளை அவரே தெரிந்து எழுதிப் போட்டிருந்தார். எல்லாம் குருமடத்து மாணவன் ஒருநாளில் செய்பவை: எழுதல், மணியடித்தல், பெருக்குதல், நீர் இறைத்தல், பாடுதல், முழந்தாளிடுதல், உறங்குதல். இரவு உணவுக்குப் பின் ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அன்று தான் செய்ததை அந்த வினையால் சொல்ல வேண்டும்; பொய் கூடாது. வாக்கியம் சரியானால் சீட்டு மற்றொரு டப்பாவுக்குப் போகும். தவறினால் அதே டப்பாவுக்குத் திரும்பி, மறுநாளும் நம் கையைத் தேடி வரும். ஏறத்தாழ இந்த முறையையே ஜெர்மன் எழுத்தாளர் லைட்னர் 1972-இல் ஒரு நூலில் விளக்கியிருக்கிறார் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தோம்.

ஒருநாள் நமக்கு ‘ஸ்வீப்’ வந்தது. அன்று நாம் பெருக்கவில்லை. “ஐ டிட் நாட் ஸ்வெப்ட்” என்றோம். ‘டிட்’ வந்த பின் வினை தன் பழைய உருவுக்குத் திரும்பிவிடும் என்பதையும், துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும் அவர் ஒரே மூச்சில் தெரிவித்தார். அந்த விதி இன்றளவும் மறக்கவில்லை.

எனினும் அந்த டப்பாவிலும் இல்லாத சொற்கள் இருந்தன. 2004-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவில் ஒரு பங்கில் மாற்றுக் குருவாக இருந்தோம். ஒரு காலை தொலைபேசி மணி அடித்தது. பங்கைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் பதற்றமான குரலில், அவள் ‘பாஸ்ட் அவுட்’ என்றார். அவருடைய மகள் கல்லூரியில் இறுதித் தேர்வு எழுதியிருந்ததை அறிவோம். நம் நாட்டில் ‘பாஸ் அவுட்’ என்றால் படிப்பை முடித்து வெளியேறுவதல்லவா? “மிக்க மகிழ்ச்சி, என் வாழ்த்துக்களைச் சொல்லுங்கள்” என்றோம். மறுமுனையில் ஒரு மௌனம். பின்னர் தொலைபேசி வைக்கப்பட்டது. மயங்கி விழுந்தது அவருடைய 80 வயதுத் தாயார். நோயில் பூசுதலுக்காக அழைத்திருக்கிறார். வேறொருவர் வந்து விளக்கிச் சொல்லி, நாம் மருத்துவமனையை அடைந்தபோது ஒரு மணி நேரம் கடந்துவிட்டது. இறைவன் அருளால் மூதாட்டி பிழைத்துக்கொண்டார். மகளும் பெருந்தன்மையோடு மன்னித்தார். அந்த மௌனம் மட்டும் இன்னும் நம் காதில் இருக்கிறது.

இவ்வளவையும் அப்பெண்ணிடம் சொன்னோம். அடுத்த நாளே பங்கு இல்லத்து அலமாரியிலிருந்து ஒரு டப்பா வெளிவந்தது. இம்முறை சொற்களைத் தெரிந்தெடுத்தது நாமல்ல; அவளே. காலை வார்டுக்குள் நுழைந்தது முதல் இரவு திரும்பும் வரை தன் கை செய்தவற்றை நினைத்து நினைத்து எழுதினாள். ‘டிரெஸ்’ என்பது உடுப்பு மட்டுமன்று, புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் அதுவே என்று கண்டு வியந்தாள். ‘த்ரோ அப்’ என்பதை எதையோ மேலே எறிவதாக எண்ணியிருந்தாள், அது வாந்தி எடுப்பது என்றறிந்து, “அப்போ அந்தத் தேர்விலே அவங்க கேட்டது இதுதானா சாமி!” என்று நெற்றியில் அறைந்துகொண்டாள். கைப்பேசியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஞாயிறு மாலை மட்டும் 10 சொற்கள் எடுக்கலாம், விளையாட்டாக.

மறுதேர்வு வரும் மாதம். மாலைதோறும் தாயும் மகளும் வருகிறார்கள். மகள் சீட்டு எடுக்க, ஆங்கிலம் அறியாத தாய் அவள் தடுமாறும் இடங்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார். சென்ற வாரம் எண்ணிப் பார்த்தபோது டப்பாவில் 126 சீட்டுகள் இருந்தன. கடைசியாகச் சேர்ந்தது அவள் கையெழுத்தில் இருந்தது: “பாஸ் அவுட் - மயங்கி விழுதல். நம்ம சாமியிடம் சொன்னால், பட்டம் பெறுதல்.”