தோலுக்கு இத்தாலியில் என்ன பெயர்?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூரைத் தாண்டினால் பள்ளிகொண்டா, மாதனூர், அடுத்து ஆம்பூர். பிரியாணிக் கடைப் பலகைகள் வரிசை கட்டும்போதே ஊர் வந்துவிட்டது தெரியும். காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை அழைத்து வருகின்றன. கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் தமிழும் உருதும் கலந்து ஒலிக்கின்றன.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழியும் கைகொடுக்கும். அது இத்தாலி மொழி!

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் பரவிக் கிடக்கின்றன. இங்கே பதனிடும் தோலும் தைக்கும் ஷூவும் ஐரோப்பாவுக்குப் போகின்றன. ஆனால், அடுத்த சீசனில் என்ன நிறம், என்ன வடிவம் என்ற பேச்சு பெரும்பாலும் மிலான் நகரில் நடக்கிறது. தோலுக்கு ‘லீனியாபெல்லே’, காலணிக்கு ‘மிக்காம்’ என இரண்டு பெரிய கண்காட்சிகள் அங்கே உண்டு. அங்கே மொழி தெரிந்து பேசுபவருக்கும், மொழிபெயர்ப்பாளரை எதிர்பார்த்து நிற்பவருக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

தோல் தொழில்நுட்பமோ வடிவமைப்போ படிக்கும் மாணவருக்கு இந்த மொழியின் முதல் பாடம் வீட்டிலேயே இருக்கிறது. ‘பெல்லே’ என்றால் தோல். நம் ‘தோல்’ போலவே மனிதத் தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் அந்த ஒரே சொல்தான். ஷூ ‘ஸ்கார்ப்பா’, சோல் ‘சுவோலா’, ஹீல் ‘தாக்கோ’, அப்பர் ‘தொமாயா’. தோலின் வழவழப்பான மேல்பக்கத்துக்குப் பெயர் ‘ஃபியோரே’. அதாவது, பூ!

உச்சரிப்பும் தமிழ் நாக்குக்கு எளிதுதான். பெரும்பாலான சொற்கள் உயிர் ஒலியில் முடிகின்றன. ‘பலி’க்கும் ‘பல்லி’க்கும் பொருள் மாறுவதைப் போல, அங்கே ‘பாலா’ என்றால் மண்வாரி, ‘பல்லா’ என்றால் பந்து. நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு. நண்பரிடம் ‘தூ’, பெரியவரிடம் ‘லெய்’. கடைக்காரரையும் பேராசிரியரையும் முதல் சந்திப்பில் ‘தூ’ போட்டு அழைத்தால் முகம் சுளிப்பார்கள்.

நண்பர்கள் சந்தித்தாலும் பிரிந்தாலும் சொல்லும் ‘ச்சாவ்’ முதலில் நம் காதில் ‘சாவு’ என்று விழுந்து திடுக்கிட வைக்கும். ஆனால், வெனிஸ் வட்டார வழக்கில் அதன் வேர் ‘உங்கள் அடிமை’ என்பதாம். நம் ‘அடியேன்’தான்!

இந்தப் பாதையில் எதிர்த்திசையில் வந்தவர் ஒருவர் உண்டு. இத்தாலியின் கஸ்திலியோனே ஊரில் 1680-ல் பிறந்த பெஸ்கி, முப்பது வயதில் இந்தியா வந்து தமிழ் கற்றார். அவர்தான் ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவர். பேச்சுத் தமிழுக்குத் தனியாகவும் செந்தமிழுக்குத் தனியாகவும் இலக்கணம் எழுதினார். சதுரகராதி தொகுத்தார். இன்று இத்தாலி மொழி படிக்கும் மாணவருக்கும் அவர் வழி பொருந்தும். புத்தக மொழியோடு நிற்காமல், தெருவில் பேசும் மொழிக்கும் காது கொடுக்க வேண்டும்.

இத்தாலியில் மேற்படிப்பு படிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 1222-ல் தொடங்கிய பதோவா பல்கலைக்கழகம் உட்பட பல இடங்களில் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தும் படிப்புகள் உண்டு. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகைகளும் உண்டு. ஆனால் வாடகை வீடு, மருத்துவமனை, பகுதிநேர வேலை என்று வரும்போது ஆங்கிலம் மட்டும் போதாது. பதோவாவுக்கு அருகிலுள்ள பிரெந்தா ஆற்றங்கரை ஷூ பட்டறைகளிலும், அர்சிஞ்ஞானோ டேனரிகளிலும் தொழில் பேச்சு இத்தாலியில்தான். மொழித்திறனுக்குச் சான்று தரும் தேர்வுகளில் சியேனா வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் ‘சில்ஸ்’, பெருஜியாவின் ‘செலி’ இரண்டும் முக்கியமானவை. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே முதல் இரண்டு நிலைகளை முடித்துவிடுவது நல்லது.

பழக்கவழக்கத்திலும் சில பாடங்கள் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சீனோ கேட்டால் வியப்பாகப் பார்ப்பார்கள். பால் சேர்த்த காபி அங்கே காலைக்கு உரியது. பல கடைகளில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் கூடுதல் விலை. டீக்கடை வாசலில் நின்றே பழகிய ஆம்பூர் பிள்ளைக்கு இதில் சிரமம் இருக்காது.

இவற்றைவிட முக்கியமான பாடம் ஒன்றும் இருக்கிறது. பாலாற்றங்கரை மக்கள் தோல் கழிவால் நிலத்தடி நீரை இழந்து வழக்கு நடத்தினார்கள். ‘மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்’ என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இத்தாலியின் ஆர்னோ ஆற்றங்கரையில் உள்ள சாந்தா குரோச்சே என்ற ஊரும் தோல் ஊர்தான். அதே கழிவுநீர்ப் பிரச்னை அங்கும் உண்டு. நம்மூரைப் போலவே அங்கும் டேனரிகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே எதைச் சரியாகச் செய்தார்கள், எங்கே தவறினார்கள் என்பதை அந்த ஊர்த் தொழிலாளியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள மொழி வேண்டும்.

பாலாற்றங்கரையிலிருந்து போகும் மாணவர், ஷூ வடிவத்தோடு அந்தப் பதிலையும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் இங்கே கிணறுகளுக்கும் நல்லது.